சமூகநீதி, பூர்வகுடி ஆய்வுகளை வாழ்நாள் பணியாக எடுத்துக்கொள்ளலாமா? வடசென்னையிலிருந்து ஒரு கேள்வி

வண்ணை மகள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், வயது 27. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர், அம்மா மாநகராட்சிப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். வடசென்னையின் அரசுக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழியில் வரலாறு படித்தேன். பின்னர் சமூகப்பணியில் முதுகலை முடித்தேன். மூன்று ஆண்டுகளாக எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில், படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளை மறுபடியும் பள்ளியில் சேர்க்கும் திட்டம் ஒன்றில் களப்பணியாளராக இருக்கிறேன். வரும் மார்ச் மாதத்தோடு அந்தத் திட்டத்தின் நிதி முடிகிறது.

அதற்கு முன்பே என்னை அரித்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்குவதற்கு முன், இருளர் பழங்குடிக் குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு வீடு கணக்கெடுத்தேன். அங்குள்ள பெண்கள் கழிமுகத்து நீரில் உட்கார்ந்தவாறே நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். கை இரண்டும் வேலையில் இருப்பதால், பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடங்களில் சேறு விரலுக்கு இளகுவதில்லை, கழுவாமல் விட்ட ஆட்டுக்கல்லில் காய்ந்த மாவைப் போல இறுகிக் கிடக்கிறது என்று என் கையைப் பிடித்து வைத்துக் காட்டினார்கள். அவர்களுள் அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம் பாட்டன் பூட்டன் பெயர்களைக் கேட்டு, யார் எங்கிருந்து வந்தார், யாருக்கு யாரைக் கொடுத்தார்கள் என்று நான்கு தலைமுறைக்குக் குடிவழிப் படம் ஒன்று வரைந்தேன். கிளம்பும்போது அவர், “அந்தப் பேப்பர ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடும்மா. பேரனுக்கு ஜாதி சர்ட்டிபிகேட் கேட்டு நடையா நடக்கிறோம், மனுவோட வெச்சிக் குடுக்கலாம்” என்றார். களத்தில் திரட்டிய தாள்களை வெளியாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் திட்டத்தின் விதி. சொந்தப் பாட்டனின் பெயருக்கு அவரே வெளியார் ஆகிவிட்டார். நான் கொடுக்கவில்லை.

இந்நிலையில், கனடாவிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் சமூகநீதி, பூர்வகுடி, பண்பாட்டிடை (வெவ்வேறு பண்பாட்டினருக்கு இடையிலான உறவு) ஆய்வுகள் என்ற துறைக்கு உதவிப் பேராசிரியர் தேவை என வெளியிட்டிருந்த விளம்பரத்தைத் தோழி ஒருத்தி அனுப்பினாள். அதற்கு முனைவர் பட்டம் வேண்டும். எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் நான் களத்தில் தடுமாறிக்கொண்டிருக்கும் இந்தக் கேள்விகளையே படிப்பாகவும் பணியாகவும் கொண்டு, அதற்குச் சம்பளமும் வாங்குகிறவர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. அந்த இடத்துக்குப் போகும் வழி வண்ணாரப்பேட்டையிலிருந்து எங்கே தொடங்குகிறது? முனைவர் பட்டத்துக்கு எந்தத் துறையில் பதிவது நல்லது? இன்னொன்று: நான் பட்டியல் சாதியைச் சேர்ந்தவள், இருளர் அல்லள். அவர்களைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற எண்ணம் தூங்கவிடாமல் செய்கிறது. வீட்டில் குரூப் 4 எழுதச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு நிலைமையில் அதையும் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பேசின்பாலத்தான்:

தங்கைக்கு வணக்கம். நான் சமூகவியல் கற்பிப்பவன். பதினோர் ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளிய பிறகே நிலையான பணிக்கு வந்தேன். ஆகவே என் பதிலில் பிழைப்புக் கணக்கு சற்றுத் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறையின் பெயரில் மயங்க வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றையும் ஒரே கூரையின் கீழ் வைப்பது, குடியேறியவர்கள் மண்ணின் மக்களை ஒடுக்கி எழுப்பிய நாடுகளில், அந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயத்திலிருந்து பிறந்த ஏற்பாடு. இங்கே அதே பொருள் பல வீடுகளில் குடியிருக்கிறது: சமூகவியல், மானுடவியல், சமூகப்பணி, வரலாறு, ஓரளவுக்குச் சட்டம். மும்பையில் 1936இல் தொடங்கப்பட்ட டாடா சமூக அறிவியல் நிறுவனம் தலித், பழங்குடியியல் ஆய்வுக்கென்றே சமூகப்பணி முதுகலையில் தனிப்பிரிவு ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் அமர்கண்டக்கில், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம் இருக்கிறது. நமக்குப் பேருந்துத் தொலைவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மானுடவியல் துறையும், 1971இல் மால்கம் ஆதிசேஷையா அடையாறில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. இவை போக, சமூக விலக்கம் குறித்து ஆராய்வதற்கென்றே பல்கலைக்கழக மானியக் குழு பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல இடங்களில் மையங்களைத் தொடங்கியது. நல்ல ஆய்வுகள் அங்கிருந்து வந்தன. ஆனால் மையம் என்பது திட்டநிதியில் ஓடுவது; ஒவ்வொரு திட்டக் காலமும் முடியும்போது அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். துறைக்கு அந்தப் பயம் குறைவு.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் முதுகலை, கேட்பதற்கு அழகான பெயர் கொண்ட ஒரு பல்துறைப் படிப்பு. ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தபோது, உரிய பாடம் அன்று என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். இணைத்தன்மைச் சான்று வாங்கி வரச் சொன்னார்கள். பாடத்திட்டத்தின் ஒவ்வொரு தாளையும் சமூகவியல் தாளோடு ஒப்பிட்டு, முத்திரை வாங்கி, மேசைக்கு மேசை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் அந்த ஆண்டின் பணியிடங்கள் நிரம்பிவிட்டன. கடைசியில் தொலைநிலைக் கல்வியில் சமூகவியல் முதுகலையை மறுபடியும் படித்தேன். முப்பத்து மூன்றாம் வயதில், நானே வகுப்பில் நடத்திய பாடத்துக்கு நானே தேர்வெழுதினேன். ஆகையால் பதிவு செய்யும் துறையின் பெயர் பழையதாக இருக்கட்டும், ஆய்வுக் கேள்வி எவ்வளவு புதியதாக வேண்டுமானாலும் இருக்கட்டும். சமூகப்பணியில் முதுகலை முடித்த உங்களுக்குச் சமூகப்பணியில் நெட், அதாவது உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு, எழுதுவதுதான் நேரான வழி.

அந்தத் தேர்வு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. 2024 ஜூன் முதல், முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணையே பயன்படுத்தலாம். உதவித்தொகைக்கான தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதி, வெறும் ஆய்வுச் சேர்க்கைத் தகுதி என்று முடிவு மூன்று படிகளாக வருகிறது. கடைசி இரண்டு படிகளில் தேறியவர்களுக்கு நெட் மதிப்பெண் 70 விழுக்காடாகவும் நேர்முகம் 30 விழுக்காடாகவும் கணக்கிடப்படும். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் ஈராண்டு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. 2023 தொடக்கத்திலிருந்து இதுதான் தொகை. பொது வயது வரம்பு 30. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு என்பதால் உங்களுக்கு அவசரமில்லை.

வெளிநாட்டுக்கு ஒன்றிய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2022இல் அதன் நெறிமுறைகளைத் திருத்தியபோது, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைக் களமாகக் கொண்ட சமூக ஆய்வுத் தலைப்புகள் ஆகியவற்றைத் தகுதியிலிருந்து நீக்கினார்கள். சாதியைப் பற்றி அயல்நாட்டில் ஆராய விரும்பும் பட்டியல் சாதி மாணவருக்கு, பட்டியல் சாதியினருக்கான நிதி கிடைக்காது என்பதே அதன் பொருள். எனக்கு அதில் இன்றளவும் கோபம் உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் நெறிமுறையை வரி விடாமல் படித்த பிறகு தலைப்பை முடிவு செய்யுங்கள்.

குரூப் 4 எழுதுவதை யாரும் ஏளனம் செய்ய விடாதீர்கள். அலுவலகத்தின் தடையின்மைச் சான்றோடு பகுதிநேரமாக முனைவர் பட்டம் முடித்தவர்களை எனக்குத் தெரியும். எட்டு ஆண்டுகள்கூட ஆகலாம், ஆனால் வீட்டில் அடுப்பு எரியும்.

ஒருபைசா வாசகன்:

பேசின்பாலத்தார் வழியைக் காட்டிவிட்டார். நான் உங்கள் இரண்டாம் கேள்விக்கு, சொல்லிலிருந்து வருகிறேன். பழங்குடி என்ற சொல் நம்மிடம் பெரும்பாலும் அரசுப் பட்டியலைக் குறிக்கிறது. கனடா விளம்பரத்திலுள்ள சொல்லுக்கு நிகராகப் பூர்வகுடி என்கிறோம். அதில் முதலில் இருந்தவர்கள் என்ற வழக்குரை அடங்கியிருக்கிறது. 2007 செப்டம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் அவை பூர்வகுடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது 144 நாடுகள் ஆதரித்தன, 11 நாடுகள் ஒதுங்கி நின்றன, நான்கு நாடுகள் எதிர்த்தன. எதிர்த்த நான்கும் ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா. இன்று இந்தத் துறை செழித்திருப்பதும் அங்கேதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஆனால் விடுதலையின்போது இந்நாட்டில் இருந்த எல்லாரும் பூர்வகுடிகளே என்பது அதன் நிலைப்பாடு. எல்லாரும் பூர்வகுடி என்றால் பிரகடனத்தை யாருக்காக நடைமுறைப்படுத்துவது?

நம் பக்கத்திலோ இந்த வழக்குரை நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவி, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசர், ஒடுக்கப்பட்டவர்களை இம்மண்ணின் ஆதிக்குடிகளாகவும் பூர்வ பௌத்தர்களாகவும் எழுதினார். அவருடைய பௌத்த இயக்கம் பெரம்பூர் வரை பரவியிருந்தது. ஆதி திராவிடர் என்ற பெயர் 1922இல் அரசு ஆவணத்துக்குள் ஏறியதும் இதே நீரோட்டத்தில்தான். ஆகவே உங்கள் வீட்டுச் சாதிச் சான்றிதழில் உள்ள ‘ஆதி’ என்ற இரண்டெழுத்தே ஓர் ஆய்வுப்பொருள். நீங்கள் இந்தத் துறைக்கு முற்றிலும் வெளியிலிருந்து வருபவர் என்று எனக்குத் தோன்றவில்லை.

பண்பாட்டிடை என்பதற்கும் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. மூன்றே ஆண்டுகளில், 1921 வேலைநிறுத்தத்தில், அந்தத் தொழிலாளர்களே ஆதிதிராவிடர் ஒருபுறம், சாதி இந்துக்களும் இசுலாமியரும் மறுபுறம் எனப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதைத் தொழிலாளர் வரலாறாக எழுதுபவர் ஒரு கதை சொல்கிறார், சாதி வரலாறாக எழுதுபவர் வேறொன்று சொல்கிறார். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்து அரைமணி நேரம். இருளரை விட்டுவிட்டு இதை எடுத்தால் உங்களுக்கு உரிமைச் சிக்கலே எழாது என்பது என் யோசனை.

கொசத்தலைக்கரையான்:

நான் இருளர். உரிமை உண்டா என்று எங்கள் குடியிருப்பில் கேட்காமல் இங்கே கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, நானும் இங்கேதான் இருக்கிறேன்.

ஒருபைசா வாசகன் ஐயா சொன்ன யோசனை உங்களுக்கு நிம்மதி தரலாம். எங்களுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் மொத்தமே 7,94,697 பேர், நூற்றுக்கு ஒருவர் என்ற அளவு. பட்டியல் சாதியினர் நூற்றுக்கு இருபது பேர். நாங்களும் ஆதி, நீங்களும் ஆதி என்று மேடையில் ஒன்றாகிவிடலாம். மனு கொடுக்கும் வரிசையில் நாங்கள் தனியாகத்தான் நிற்கிறோம். ஆனால் எங்களைப் பற்றி யாரும் எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள் என்கிறேன்.

பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் நிலையில்தான் தருகிறார்கள். போலிச் சான்றிதழ்களைத் தடுப்பதற்காக உச்ச நீதிமன்றம் 1994இல், மாதுரி பாட்டீல் வழக்கில், ஒரு நடைமுறையை வகுத்தது. மனுதாரரின் குலதெய்வம், சடங்கு, திருமண முறை, இறப்புச் சடங்கு ஆகிய மானுடவியல் கூறுகளை விசாரிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நோக்கம் நியாயமானது. ஆனால் என் தம்பியின் மனு விசாரணைக்கு வந்தபோது, ஓர் அலுவலர் அவனிடம் எலி பிடிப்பாயா, பாம்பு பிடிப்பாயா என்று கேட்டார். அவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மீஞ்சூரில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறவன். தெரியாது என்றான். அப்புறம் எப்படி இருளன் என்கிறாய் என்றார். அந்தக் கேள்வி அவருடைய மனத்தில் தானாக முளைக்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ஆட்களின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் வரிசைப்படுத்திப் பதிப்பித்தார். அப்படிப்பட்ட எழுத்துகள் நூறாண்டு ஊறிய பின்னர் எங்களை அளக்கும் முழக்கோலாகிவிட்டன.

நாளைக்கு நீங்கள் முனைவர் ஆகி, இருளர் என்போர் இறாலைக் கையால் பிடிப்பவர்கள் என்று ஒரு வரி எழுதினால், கையால் பிடிக்காத பிள்ளைக்குச் சான்று மறுக்க அது போதும். பறியைக் கவ்வும் பல்லை எழுதும்போது, கைப்பேசியைப் பிரிக்கும் விரலையும் எழுதுங்கள். எங்கள் பிள்ளைகளைத் தகவல் சொல்லும் ஆளாக வைக்காமல், கூலி கொடுத்து ஆய்வு உதவியாளராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆயாவுக்கு அவருடைய தாளைக் கொடுத்துவிடுங்கள்.

ராயபுரம்–வின்னிபெக்:

கொசத்தலைத் தம்பி சொன்னதற்குப் பிறகு நான் பேசுவது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வண்ணை மகள் தொடங்கிய இடம் கனடா என்பதால் எழுதுகிறேன். ராயபுரத்தில் வளர்ந்து, இங்கே முனைவர் பட்டம் முடித்து, ஒப்பந்தப் பணியிலிருந்து நிலைப்பணிக்கு மாறியவள் நான்.

பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, அவர்களின் மொழியை மறக்கடித்த உறைவிடப் பள்ளிகள் இந்த நாட்டில் நூறாண்டுக்கு மேல் நடந்தன. அதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. அவற்றுள் பல கல்வி நிலையங்களைப் பார்த்துச் சொல்லப்பட்டவை. இத்தகைய துறைகளும் பணியிடங்களும் அதன் பிறகு வேகமாகப் பெருகின. எனவே அந்த விளம்பரத்தில் பூர்வகுடி என்ற சொல் வரும் இடத்தில், இங்குள்ள சமூகங்களைச் சேர்ந்தவர்களையே பெரும்பாலும் எதிர்பார்க்கிறார்கள். அது நியாயமும்கூட. இல்லாத பூர்வகுடி அடையாளத்தைச் சொல்லிப் பதவிக்கு வந்தவர்களின் செய்திகள் வெளியான பின், பல பல்கலைக்கழகங்கள் அடையாளத்தைச் சரிபார்க்கத் தொடங்கியிருக்கின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு இடமிருப்பது சமூகநீதி, பண்பாட்டிடை என்ற மற்ற இரு சொற்களில். கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 தொடக்கத்தில் பாகுபாட்டுத் தடை விதியில் சாதியைச் சேர்த்தது; சியாட்டில் நகரமன்றம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது; அடுத்த மாதமே டொராண்டோ பள்ளி வாரியத்தில் அதே விவாதம் வந்தது. இதையெல்லாம் வகுப்பறையில் விளக்க, சாதியைப் பட்டு அறிந்தவர்கள் இங்கே மிகக் குறைவு. பெரும்பாலும் பட்டறியாதவர்கள்தாம் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் ஜெராக்ஸ் விஷயத்துக்கு இங்கே பெயரே வைத்திருக்கிறார்கள். கனடாவின் முதல்குடிகள் 1998இலேயே, தங்களைப் பற்றிய தரவின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் ஆகிய நான்கும் தங்களுக்கே உரியவை என்று நெறி வகுத்துக்கொண்டார்கள். அதன்படி பார்த்தால், அந்த ஆயா நகல் கேட்டிருக்க வேண்டியதில்லை. நீங்கள்தான் அவரிடம் நகல் கேட்டிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சான் மக்களும் 2017இல் தங்களை ஆராய வருபவர்களுக்கான விதிகளைத் தாங்களே எழுதி வெளியிட்டார்கள்.

இந்தப் படிப்பின் உண்மையான பாடம் எனக்கு வகுப்பில் நடந்தது. முதல் ஆண்டில் என் ஆய்வுத் திட்டத்தை வாசித்துக் காட்டினேன். எத்தனை குடும்பங்கள், எத்தனை நேர்காணல்கள் என்று அட்டவணையெல்லாம் போட்டிருந்தேன். இங்குள்ள பூர்வகுடிகளுள் ஒன்றான கிரீ இனத்தைச் சேர்ந்த சக மாணவி ஒருத்தி, “இவர்களில் யார் உன்னை வேண்டாம் என்று சொல்ல முடியும்?” என்று கேட்டாள். ஒப்புதல் படிவத்தைக் காட்டினேன். அது அவர்கள் சம்மதம் சொல்வதற்கான தாள், நான் மறுப்பதற்கான இடத்தைக் கேட்கிறேன் என்றாள். என் திட்டத்தில் அப்படி ஓர் இடம் இல்லை. நான்கு மாதம் கழித்து வேறு திட்டம் எழுதினேன்.

நடைமுறைக்கு வருகிறேன். இங்கே முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகையும் கற்பித்தல் உதவியாளர் வேலையும் சேர்த்துத் தரும் இடங்களை மட்டும் பாருங்கள். சொந்தப் பணம் கட்டிப் படிக்கும்படியான சேர்க்கையை ஏற்க வேண்டாம். விண்ணப்பிப்பதற்கு முன்பே நெறியாளராகக் கூடியவருக்கு ஒரு பக்க மடல் எழுதுங்கள். அதில் உங்கள் வறுமையை விவரிக்காமல், அந்தக் குடிவழிப் படத்தைப் பற்றி எழுதுங்கள். பட்டம் முடித்தாலும் நிலையான வேலை உறுதியில்லை. ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கானோர் போட்டியிடுவது இங்கே வழக்கம். நான் ஐந்து ஆண்டுகள் நான்கு மாத ஒப்பந்தங்களில் ஓட்டினேன். அதனால் பேசின்பாலத்து அண்ணன் சொன்ன நெட் தேர்வை எழுதி வைத்துக்கொண்டு கிளம்புங்கள் என்பேன்.

வண்ணை மகள்:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. டிசம்பர் நெட் தேர்வுக்குச் சமூகப்பணியில் விண்ணப்பிக்கிறேன்; குரூப் 4 தேர்வையும் எழுதுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒருபைசா வாசகன் ஐயா சொன்ன ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் நிச்சயம் போவேன், ஆனால் எண்ணூரை விட்டுவிட்டுப் போவதற்கு மனம் ஒப்பவில்லை.

திட்ட மேலாளரிடம் அந்தத் தாளைக் கேட்டேன். விதி விதிதான் என்றார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஒரு கோடுபோட்ட நோட்டை வாங்கிக்கொண்டு ஆயாவின் வீட்டுக்கே போனேன். நோட்டு அவருடையது, எழுதுவது மட்டும் நான் என்று சொல்லிவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் என் பிழை தெரிந்தது. சென்ற ஆண்டு அவருடைய பிறந்த வீட்டு வழியை மட்டும் நான்கு தலைமுறைக்கு அழகாக வரைந்து வைத்திருந்தேன். சான்றிதழ் வேண்டியதோ அவருடைய மகன்வழிப் பேரனுக்கு. கேட்க வேண்டியது கணவர் வழியை. அன்றைக்கு அந்த ஜெராக்ஸைக் கொடுத்திருந்தாலும் மனுவுக்கு அது உதவியிருக்காது. நான் இருந்த பெருமிதத்தில், எந்த வழி வேண்டும் என்று அவரிடம் கேட்கவுமில்லை. இந்த முறை கணவர் வழியைச் சொல்லிக்கொண்டே வந்தவர், கணவருடைய தம்பி மகன் ஒருவர் பழவேற்காட்டுப் பக்கம் இருப்பதாகவும், அவருக்கு இருளர் சான்றிதழ் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதாகவும் போகிற போக்கில் சொன்னார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். “நீ கேக்கலியே” என்றார்.

கொசத்தலைக்கரையான்:

தந்தை வழி இரத்த உறவினரின் சான்றிதழ் மனுவுக்குப் பெரிய பலம். நகல் மட்டும் போதாது. அவரை அசலோடு நேரில் வரச் சொல்லுங்கள், உறவுமுறையை அவர் வாயாலேயே சொல்லட்டும். வரும் செவ்வாய்க்கிழமை என் தம்பியின் மேல்முறையீட்டுக்காக நானும் அதே அலுவலகத்துக்குத்தான் போகிறேன். ஆயாவையும் நோட்டையும் அழைத்துக்கொண்டு காலை ஒன்பதரைக்குள் வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் போனால் வரிசை வாசலுக்கு வெளியே போய்விடும்.